நீ அனுப்பிய ஏழு கற்களும் ஒரு பூனையும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகம் எப்படி என்று தொடங்குவதுதான் மரியாதை. முதல் பாதியை எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டாம் பாதியைக் கேட்கத் தேவையில்லை. உங்கள் தியான மையத்தின் விளம்பரத் தாள் போன வாரம் எங்கள் கதவிடுக்கில் செருகியிருந்தது. அதில் நீ ஏரிக்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாய். முகம் தெளிவாக இருக்கிறது, முடி முன்பைவிட அடர்த்தி, கீழே 'அமைதி என்பது நீங்கள் எடுக்கும் முடிவு' என்று போட்டிருக்கிறது. ஆகவே நீ நலம் என்பதை அச்சிலேயே பார்த்துவிட்டேன். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஐந்து முறை முயன்றேன். உன் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று உங்கள் வரவேற்பறை அம்மா சொன்னார். அந்த அம்மா பேசுவதே இல்லை, காதுக்குள் ஊதுகிறார்.

"அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஆனா மௌனத்துல இருக்காங்க."

"எப்ப வெளிய வருவாங்க?"

"அது உள்ளுக்குள்ள போற பயணம்ங்க. நாம நேரம் சொல்ல முடியாது."

"தங்கச்சிக்கு ஆபரேஷன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாதுங்க, எழுதி வைக்கிறேன். நீங்க கொஞ்சம் மெதுவா பேசுங்க, பக்கத்துல ஒருத்தர் மூச்சைக் கவனிச்சிட்டு இருக்கார்."

நான் மெதுவாகத்தான் பேசினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவளுக்கு அதற்கு மேல் குரல் வராது.

அந்த அம்மா எழுதி வைத்ததில் என்ன விட்டுப்போனதோ தெரியாது, அதனால் மறுபடி சொல்கிறேன். என் கர்ப்பப்பையில் ஒரு கட்டி. கொய்யாக்காய் அளவு என்றார் டாக்டரம்மா. எட்டு மாதமாக ரத்தம் போய்ப் போய், ஆய்வுக்கூடத்துப் படிக்கட்டில் இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். பதினான்காம் தேதி எடுத்துவிடுவதாக நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. அம்மாவைத் தூக்க முடியுமா என்று கேட்டேன். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு வேற யாருமே இல்லையா?" என்றார். ஓர் அக்கா இருக்கிறாள் என்றேன். அப்போது அது எனக்குப் பெரிய பதிலாகத்தான் தோன்றியது.

நான் உன்னிடம் கேட்டது பத்து நாள். அம்மா பக்கவாதத்தில் படுத்த ஆறு வருஷத்தில் பத்து நாள். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நீ கேட்பாய். கிடைத்தார்கள். முதலில் வந்த நர்ஸ் மீது அம்மா தம்ளரை எறிந்தாள். இடது கை வராதே தவிர வலது கை குறி தவறுவதில்லை. இரண்டாவது நர்ஸிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், வாயையும் திறக்காமல், ஒரு முழு நாள் பட்டினி கிடந்தாள். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா, "நான் மெஷினை விட்டுட்டு வர முடியாது, ஆனா அம்மாவை எங்க வீட்டுல கொண்டாந்து விடு, நானும் என் பொண்ணும் பாத்துக்கறோம்" என்றார். அதற்கும் அம்மாவுக்கு ஒரே பதில்தான்: "பெரியவ வரட்டும். பெரியவ சொன்னா எங்க வேணா போறேன்." ரேஷன் அட்டையில் கையெழுத்து, கண்புரை, பல் செட், எதுவானாலும் இந்த வீட்டில் கோப்பு உன் மேசையில்தான் நிற்கிறது. நீதான் மேசையிலேயே இல்லை.

சரி. இதற்கு உன்னிடமிருந்து வந்த பதில் என்ன? உங்கள் மையத்தின் வெள்ளை வண்டி. ஓட்டுநர் மாடியேறி வந்து ஒரு அட்டைப்பெட்டி, ஒரு பூந்தொட்டி, ஒரு மூங்கில் கூடை மூன்றையும் வாசலில் வைத்துவிட்டு, கையெழுத்து கேட்டார். "அவங்க வரலையா?" என்றேன். "இதெல்லாம் அவங்கதாங்க மேடம்" என்றார். பெட்டியில் வெல்வெட் பை. பைக்குள் ஏழு கற்கள். தொட்டியில் காற்றைச் சுத்தம் செய்யும் செடி. கூடையில் உன் ஊதா நிறச் சால்வை, சால்வைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை. கூடவே உன் கையெழுத்தில் ஓர் அட்டை: 'இயற்கை, உயிர், கல், இந்த மூன்றோடும் தினமும் இருபது நிமிடம் இரு. வலியை எதிரியாகப் பார்க்காதே, விருந்தாளியாகப் பார்.' அக்கா, இந்த வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் சரியாக இருக்கிறது. விருந்தாளியை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டு நானே அதில் உட்கார்ந்தேன்.

நான் எடுத்தவுடனே தூக்கி எறிந்தேன் என்று நினைக்காதே. செய்து பார்த்துவிட்டுத்தான் திட்டுகிறேன். அட்டையின் பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் செய்முறை எழுதி, ஆரஞ்சு நிறக் கல்லை அடிவயிற்றில் இருபது நிமிடம் வைக்கச் சொல்லியிருந்தாய். வேலைக்குப் போகுமுன் படுத்து வைத்தேன். நான்காவது நிமிடம் அம்மா கூப்பிட்டாள். கல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்து, கல்லைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். குனிந்ததில் தலை சுற்றி அங்கேயே படுத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் குளிர்ச்சியாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கல்லால் எனக்குக் கிடைத்த நன்மை அந்த ஆறு நிமிடம்தான், அதுவும் அம்மா, "எங்கடி செத்துப் போயிட்டே?" என்று கேட்கும் வரைதான்.

அடுத்தது வெள்ளைக் கல். பையில் இரண்டு வெள்ளைக் கற்கள் இருந்தன, இரண்டும் அவரை விதையளவு. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்றாய். ஊற வைத்து அம்மாவின் கட்டிலருகே மேசையில் வைத்தது என் முட்டாள்தனம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, உனக்குத் தெரியும். அவளுக்கு இருபத்தைந்து வருஷச் சர்க்கரை நோய், அதுவும் தெரியும். நான் ஆறு வருஷமாக இந்த வீட்டில் இனிப்பு என்ற ஒன்றை ஒளித்து வைக்கிறேன் என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை. தம்ளருக்குள் மங்கலாக, வெள்ளையாக, பளபளவென்று ஒன்று தெரிந்தால் அவள் வேறு என்ன நினைப்பாள்? கற்கண்டு. நான் உள்ளே வந்தபோது கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயைத் தொறம்மா" என்றேன். திறக்கவில்லை. விழுங்கினாள்.

எக்ஸ்ரே எடுக்கப் போனோம். எடுக்கிறவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "என்ன பாட்டி முழுங்கினீங்க?"

"கற்கண்டு. இவ ஒளிச்சு வச்சிருந்தா."

"கற்கண்டு இவ்வளவு நேரம் கரையாம இருக்காதே."

"மட்டமானதா வாங்கியிருப்பா. இவ எதை ஒழுங்கா வாங்கியிருக்கா? பெரியவ வாங்கியிருந்தா கரைஞ்சிருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். படிகக் கல், மன அமைதிக்கு என்றேன். அவர் படத்தை உறைக்குள் போட்டார். பிறகு, "தானா வந்துரும், மூணு நாள் பாருங்க" என்றார். மூன்று நாள் பார்த்தேன், அக்கா. கையுறை போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு எனக்கு அமைதி கிடைத்தது. நன்றாகக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து, மற்ற வெள்ளைக் கல்லோடு சேர்த்துப் பையில் வைத்திருக்கிறேன். இரண்டில் எது என்று குறிக்கவில்லை. கையில் எடுத்தாலே கல்லின் அதிர்வு உனக்குத் தெரியும் என்று விளம்பரத் தாளில் இருக்கிறது.

இயற்கைக்கு வருகிறேன். தினமும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடி, உன் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். எங்கள் ஆய்வுக்கூடத்து வாசலில் ஒரே ஒரு மரம்தான். மதிய இடைவேளையில், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய்க் கட்டிக்கொண்டேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பட்டை வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. என்னை யாராவது பிடித்துக்கொண்டு எத்தனை நாளாயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது, அதற்குள் முதுகுக்குப் பின்னால் காவலாளியின் குரல்.

"மேடம், மரத்துக்கும் டெஸ்ட்டா?"

"இல்லீங்க."

"வெட்டப் போறாங்களா? சொல்லுங்க மேடம், என் சைக்கிளை எடுத்துடறேன்."

இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையில் சுருக்கென்றது, பிறகு கழுத்தில், பிறகு எங்கெல்லாமோ. சிவப்பெறும்பு. என் பாரத்தை மரம் வாங்கியதோ இல்லையோ, அதனுடைய பாரத்தை என் சட்டைக்குள் இறக்கிவிட்டது. நான் கழிப்பறைக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அலுவலகத்தில் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். ஒன்று, எனக்கு ஏதோ காதல் தோல்வி. மற்றது, வயிற்றுப்போக்கு. நாற்பத்தாறு வயதில் முதலாவதை நம்பிய அந்தப் புது டைப்பிஸ்ட்டுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

செடியைப் பூனை தின்றுவிட்டது. தின்றதை என் வலது செருப்பில் வாந்தி எடுத்தது. இடது செருப்பைத் தொடவில்லை. உயிர் என்ற தலைப்பில் நீ அனுப்பிய அந்தப் பிராணியைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் என் எழுத்து கெட்டுவிடும். என் மடியில் உட்காராது. நான் தடவப் போனால், அரைத் தூக்கத்தில் அதிகாரி கோப்பைத் தள்ளுவதுபோல் ஒரு காலால் என் கையைத் தள்ளுகிறது. அம்மாவின் கட்டிலில், அதுவும் உன் சால்வையின் மேல் மட்டும்தான் படுக்கும். அந்தச் சால்வையில் நீ தேய்த்துக்கொள்ளும் எண்ணெய் வாசனை அறை முழுவதும் வருகிறது. ஆறு வருஷமாக நான் மருந்து வாசனையை விரட்ட ஜன்னலைத் திறந்து திறந்து வைத்தேன், உன் சால்வை இரண்டே நாளில் விரட்டிவிட்டது. அதுதான் உன் சாமர்த்தியம். இல்லாமலே இருப்பாய்.

பிறகு கற்களைப் பற்றி ஒரு விஷயம். நான் கல்லூரியில் என்ன படித்தேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? கல்தான் படித்தேன், அக்கா. ஐந்து வருஷம். பூமிக்கு அடியில் எந்தக் கல் எப்படி உண்டாகிறது என்று படித்துவிட்டு, இருபது வருஷமாகக் கட்டுமானப் பொருள் ஆய்வுக்கூடத்தில் கல் உடைக்கிறேன். கட்டடம் கட்டுகிறவர்கள் கான்கிரீட்டில் கட்டி வார்த்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு எடுத்து மெஷினில் வைத்து, எவ்வளவு பாரத்துக்கு உடைகிறது என்று பார்த்து எழுதுவோம். இருபத்தெட்டு நாளில் கட்டி முழு பலத்துக்கு வந்துவிடும், அதற்கு மேல் ஊறப்போட்டால் பெரிய லாபம் இல்லை என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். என்னை ஆறு வருஷமாக ஊறப்போட்டிருக்கிறீர்கள். எந்த அறிக்கைக்காக என்று தெரியவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு நீ கல் அனுப்பினாய். பெட்டியோடு வேலைக்குப் போனேன். மெஷின்காரரும் நானும் ஒவ்வொன்றாக எஃகு அரத்தால் உரசிப் பார்த்தோம். படிகம் என்றால் அரத்துக்கு அசையாது. நீலம், பச்சை, வெள்ளையில் ஒன்று, மூன்றிலும் கோடு விழுந்தது. கண்ணாடி. பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் உள்ளே சோடாக் குமிழிகள். மஞ்சள் நிறக் கல் பிறந்தபோது ஊதா, சூளையில் வாட்டி மஞ்சளாக்கியிருக்கிறார்கள். அதை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சும் ரோஜா நிறமும் அசல்தான், தரையில் பாவும் சல்லியைப் போல ஊருக்கு ஊர் கிடைக்கிற அசல். நீலக் கல்லை மெஷினில் வைத்தோம்.

"மேடம், இது எந்த சைட் சாம்பிள்?" என்றார் மெஷின்காரர்.

"எங்க அக்கா சைட்."

"எவ்வளவு தாங்கணும்?"

"பத்து நாள்."

அவருக்கு விளங்கியதோ என்னவோ, லீவரை மெதுவாகத் திருப்பினார். முள் அசைவதற்குள் கல் பொடியாகிவிட்டது. அந்தச் சத்தம் இருக்கிறதே, சின்னதாக, சீனி நொறுங்குவது போல. நீ சொன்ன அந்த நிம்மதி, உள்ளே எல்லாம் தளர்ந்து மூச்சு அடிவயிறு வரை இறங்கும் அந்த நிம்மதி, எனக்கு அப்போது வந்தது. ஆக, கல் வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீ செய்முறையில்தான் தவறு செய்திருக்கிறாய். பொடியை மாதிரிப் பையில் போட்டு, எங்கள் முத்திரையோடு அறிக்கையும் இணைத்திருக்கிறேன். அனுப்பியவர்: மூத்த மகள். பயன்பாடு: குடும்பத்தில் பாரம் தாங்க. முடிவு: ஏற்கத்தக்கதல்ல.

இதற்கிடையில் அம்மா வேறு மாறிக்கொண்டு வருகிறாள். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் சாப்பிட்டதை மதியம் மறக்கிறாள், ஆனால் நான் பத்தாம் வகுப்பில் உடைத்த ஜாடியை மறக்கவில்லை. தினமும் மூன்று வேளை, "பெரியவ எப்ப வருவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு வாரமாகக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு நல்லதாகப் படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெரியவளுக்கும் ஒரு தட்டு எடுத்து வை என்கிறாள். மீன் வாங்கினால், "பெரியவளுக்கு எடுத்து வச்சியா? அவளுக்கு உசிராச்சே" என்கிறாள். நீ மையத்தில் சேர்ந்து மீனைத் தொட்டு ஒன்பது வருஷமாயிற்று என்று எத்தனை தடவை சொல்வது? கதவைச் சாத்திவிட்டுப் போ என்கிறாள். சாத்திய கதவுக்குப் பின்னால் முணுமுணுவென்று பேச்சுக் குரல் கேட்கிறது. தனக்குத் தானே பேச ஆரம்பித்துவிட்டாள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன், வயது என்றார்.

குளிப்பாட்டும்போது நேற்று சொன்னாள்: "உன் கை என்னடி அரம் மாதிரி இருக்கு. பெரியவ கை பூ மாதிரி இருக்கும்." இருக்கும்தான். சோப்பை இன்னும் கொஞ்சம் நுரைக்க வைத்துக்கொண்டேன், நுரைக்கு நடுவில் கை அவ்வளவாக உறுத்தாது.

நமக்குள் என்ன நடந்தது என்று சில நாள் யோசிக்கிறேன், அக்கா. சண்டை எதுவும் இல்லை. நீ ஒரு நாளும் கத்தவில்லை, மறுக்கவில்லை, வருகிறேன் என்றுதான் எப்போதும் சொன்னாய். நீ வருவதாகச் சொன்ன நாட்களை நானும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நம்பினேன். முடியாது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன். நல்ல மனசுக்காரர்களிடம் இதுதான் கஷ்டம். கோபப்பட நமக்கு ஒரு இடம்கூட விட்டு வைக்க மாட்டார்கள். பல் வலிக்கிற இடத்தை நாக்கு தேடுவதுபோல் நான் அந்த இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

முடிவாகச் சொல்கிறேன். உங்கள் வண்டி வியாழக்கிழமை இந்தப் பக்கம் வருகிறதாம், வரவேற்பறை அம்மா ஊதினார். அதில் உன் கற்கள் ஆறும், ஒன்றின் பொடியும், காலித் தொட்டியும், கூடையும், சால்வையும், பூனையும் திரும்பி வருகின்றன. இந்தக் கடிதமும் அதிலேயே வரும். வண்டி உன் வாசலில் இதையெல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நீ அதில் ஏறு. பதின்மூன்றாம் தேதி மாலைக்குள் நீ இங்கே இருக்க வேண்டும். மௌனமாகவே வா, பேச வேண்டியதில்லை. அம்மாவை இரண்டு பக்கமும் கைகொடுத்துத் தூக்க வேண்டும், பேச்சு அதற்குத் தேவைப்படாது. நீ வராவிட்டால் நான் நாளைத் தள்ளிப்போடுவேன். டாக்டரம்மா இதற்கு மேல் தள்ளிப்போட்டால் தான் பொறுப்பில்லை என்கிறார். அவர் பொறுப்பில்லை, நீ பொறுப்பில்லை, அப்புறம் யார்தான் மிச்சம் என்று கணக்கெடுத்துப் பார்த்தால் நானும் கற்களும்தான் மிஞ்சுகிறோம்.

மூத்தவள் என்ற முறையில் உன் ஆசியைக் கேட்டு முடிக்க வேண்டும். கேட்கவில்லை, கேட்டால் அதுவும் பெட்டியில் வரும். உன் ஏரிக்கும், உங்கள் வரவேற்பறை அம்மாவின் தொண்டைக்கும், பக்கத்தில் மூச்சைக் கவனிக்கும் அந்தப் பெரியவருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் தங்கை,
சின்னவள்

பின்குறிப்பு: இது புதன்கிழமை எழுதுவது. மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, இருபது வருஷமாக அறிக்கை எழுதுகிறவள், எதையும் கிழித்துப் பழக்கமில்லை. ஆனால் நீ அதன்படி எதுவும் செய்ய வேண்டாம்.

பெட்டி கட்டும்போது சால்வையை எடுக்க அம்மாவின் அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா பேசிக்கொண்டிருந்தாள், தனக்குத் தானே இல்லை. பூனை சால்வையோடு அவள் வலது கைக்குள் படுத்திருந்தது. அவள் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நம் இருவர் தலையையும் அவள் அப்படித் தடவியதாக எனக்கு நினைவில்லை.

"பெரியவளே, தூங்கிட்டியாடி? கேளு. சின்னவளுக்கு வயித்துல கட்டி. எங்கிட்ட சொல்லலை, போன்ல சொன்னது காதுல விழுந்துச்சு. அவளைக் கொஞ்சம் பாத்துக்கோ. அவ கை ஏன் அப்படி ஆச்சு தெரியுமா? நாளெல்லாம் கல்லு உடைச்சிட்டு, வந்து என்னைத் தூக்குவா. ஒரு நாள் கீழ போட்டதில்லை. அவகிட்ட இதைச் சொல்லிடாத. சொன்னா உக்காந்து அழுவா, அப்புறம் எனக்கு யாரு கஞ்சி வைப்பா?"

பூனை ஒரு காதை ஆட்டியது.

"நீ இருப்ப இல்ல, பத்து நாளு?" என்றாள் அம்மா. பூனை எதுவும் சொல்லவில்லை. "அதான பாத்தேன். நீ எப்பவுமே பதில் சொல்ல மாட்ட" என்று சொல்லிவிட்டு, மறுபடி தடவ ஆரம்பித்தாள்.

நான் கட்டு நூலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நாற்பத்தாறு வருஷம் காத்திருந்த வார்த்தைகள். பூனையிடம் சொல்லப்பட்டன. கேட்டேன் என்று காட்டிக்கொண்டால் கஞ்சிக்கு ஆள் இருக்காது என்பதால் சத்தம் போடாமல் நகர்ந்து, கட்டிலுக்கு அடியில் இடமிருக்கிறதா என்று பார்த்தேன். என் அறைக் கட்டிலுக்கு அடியில்தான். பத்து நிமிடம் இருந்தேன்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு போய்க் கேட்டேன்: "அம்மா, பெரியவ பத்து நாள் எதிர்வீட்டுல தங்கறாளாம். நீயும் போறியா?"

"அவ போனா நான் இங்க என்ன பண்றேன்? துணிமணி எடுத்து வை. மீன் எடுத்து வை, அவளுக்கு."

தையல்கார அக்காவிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "உங்க அக்காவுக்கு ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போக மண் தட்டு வைக்கணுமா, இல்ல வெளிய போயிட்டு வந்துருவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே பதினான்காம் தேதி நான் போகிறேன். நீ வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் அம்மா யார் நீ என்று கேட்பாள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இப்போது உடம்பில் தெம்பில்லை. அவளுடைய பெரியவள் வந்துவிட்டாள், பக்கத்தில் படுக்கிறாள், போவதாகப் பேச்சே இல்லை. கற்களையும் தொட்டியையும் அனுப்புகிறேன். பூனையும் கூடையும் இங்கேயே இருக்கட்டும். சால்வையும்.

ஒரே ஒரு உதவி. சால்வையில் வாசனை குறைந்துகொண்டு வருகிறது. நேற்று அம்மா இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நீ தேய்த்துக்கொள்ளும் அந்த எண்ணெய் ஒரு பாட்டில், பதின்மூன்றாம் தேதிக்குள், வண்டியில் கொடுத்து அனுப்பு. சின்ன பாட்டில் போதும்.